வலைப் பங்கு

சூசைராஜின் காலில் திருக்கை முள் ஏறியது ஐம்பத்தாறாம் வருஷம், சாம்பல் புதன் கழிந்த மறுவாரம். கரைக்கு இருபது அடிகூட இருக்காது. எங்கள் வத்தைப் படகைத் தண்ணீருக்குள் தள்ளும்போது மணலில் படுத்துக் கிடந்ததை மிதித்துவிட்டார். முள் கணுக்காலுக்கு மேலே ஏறி உள்ளேயே ஒடிந்துபோனது. என் வீட்டுக்காரரும் இன்னொருவருமாகத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். நான் கல்யாணமாகி மணமேல்குடிக் கடற்கரைத் தெருவுக்கு வந்து அப்போது ஆறு மாதம். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஓர் ஓலைத் தட்டிதான். அவர் வலியில் பல்லைக் கடிக்கிற சத்தம்கூட இந்தப் பக்கம் கேட்கும்.

முதல் வாரம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினார்கள். இரண்டாவது வாரம் ஆவுடையார்கோயில் பக்கமிருந்து ஒரு வைத்தியர் வந்து முள்ளின் பாதியை எடுத்தார். மீதிப் பாதி உள்ளேயே தங்கிவிட்டது. மூன்றாவது வாரத்தில் தட்டியைத் தாண்டி வாடை வர ஆரம்பித்தது. மீன் வாடையோடு பிறந்து மீன் வாடையோடு வளர்ந்தவர்கள் நாங்கள். அது மீன் வாடை இல்லை.

கம்பவுண்டர் ஒருநாள் சைக்கிளில் வந்து பார்த்தார். மூக்கில் துண்டை வைத்துக்கொண்டார்.

"புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போங்க. பாஸ்காத் திருநாள் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல வச்சிருந்தா காலை எடுக்கணும்."

சூசைராஜின் மனைவி சந்தனமேரி சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "போனா எம்புட்டுங்க ஆகும்?"

"ஆஸ்பத்திரியில காசு வாங்க மாட்டாங்கம்மா. போற வண்டி, கூட இருக்கிறவுக சாப்பாடு, வெளியில வாங்குற மருந்து. மாசம் ஒண்ணு இருக்க வேண்டியது வரும். பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்ள என்ன இருந்தது? முந்தின கார்த்திகையில் அடித்த புயலில் சொந்த வத்தை போய்விட்டது. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. வலையை மட்டும் சூசைராஜ் அன்றைக்கு வீட்டு விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்ததால் அது பிழைத்தது. இப்போதும் அது அவர் தலைக்கு மேலேதான் தொங்கியது. அவர் படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"வலையை வித்துருவோமா?" என்று சந்தனமேரி ஒரு தடவைதான் கேட்டாள்.

"வித்துட்டுக் கால எதுக்குடி நேராக்குறது? கோயில் வாசல்ல நின்னு பிச்சை எடுக்கவா?"

அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எடுத்தது மகள். அடைக்கலமேரிக்குப் பதினைந்து வயது முடிந்திருந்தது. ஒல்லியாக இருப்பாள், வாய் மட்டும் ஊருக்கே கேட்கும். தை மாதத்தில் இரண்டு தடவை சொர்ணத்துக்குக் கூடை தூக்கிக்கொண்டு அரிமளம் பக்கம் போய்வந்திருந்தாள். சொர்ணம் எங்கள் பக்கத்தில் கருவாடு கொண்டுபோய் மேற்கே நெல்லுக்கு மாற்றி வருகிறவள். நாற்பது வயசு, புருஷன் இல்லை, யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள்.

அடைக்கலமேரி ஒருநாள் காலையில் தட்டியை ஒதுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒங்க வலை கிழிஞ்சு போச்சுல்ல?"

"கிழியலை. வலைன்னு சொல்றதுக்கே ஒண்ணுமில்ல."

"எங்கப்பா வலை சும்மாத்தான் தொங்குது. எடுத்துட்டுப் போங்க. வலைப் பங்கை எங்கிட்டக் குடுங்க. காசா வேணாம். மீனாக் குடுங்க."

அவர் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார். "மீனை வச்சு என்ன பண்ணப்போற?"

"காயப் போடுவேன்."

"காயப் போட்டு?"

"மேற்க கொண்டுட்டுப் போயி விப்பேன். சொர்ணத்தக்கா மட்டும்தான் விக்கணும்னு மாதா எழுதி வச்சிருக்காங்களா?"

எங்கள் பக்கத்தில் வலைக்கு ஒரு பங்கு, வத்தைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்றுதான் பிரிப்பார்கள். வலை யாருடையதோ அவர் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்று அந்தக் காலத்தில் வைத்தது. ஆனால் வலைக்காரன் கட்டிலில் கிடக்க, அவன் மகள் அந்தப் பங்கை முதலாக்குவது யாரும் கேள்விப்படாதது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

சூசைராஜை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் இரண்டு நாள் ஆயிற்று. வலையை விட்டத்திலிருந்து அவிழ்க்கும்போது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஓட்டை விழுந்தா நாந்தான் முடிவேன். வேற எவனும் ஊசியைத் தொடக் கூடாது" என்றார்.

"சரிப்பா."

"திருக்கை பட்டா அறுத்து விட்டுரு. கரைக்குக் கொண்டாராத."

"சரிப்பா."

*

பிறகு பார்க்க வேண்டுமே அந்த வீட்டை. விடிவதற்கு முன்னால் வத்தை கரை வரும். அடைக்கலமேரி கழுத்தளவு இருட்டில் நின்று வலைப் பங்கை ஓலைப்பெட்டியில் வாங்குவாள். காரல், நெத்திலி, சாளை. அவ்வப்போது வாளை. நெத்திலியை அப்படியே கழுவிக் காயப்போட்டால் போதும். மற்றதெல்லாம் கீறிக் குடலெடுத்து, உப்பு அடைத்து, தாழிக்குள் ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு என்று வைத்து, மறுநாள் கடல் தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். சந்தனமேரி புருஷனின் புண்ணைக் கழுவுவாள், உடனே கை கழுவிவிட்டு வந்து மீன் கீறுவாள். மறுபடி போய்ப் புண். அவள் கை இரண்டும் உப்பில் வெடித்து வெள்ளையாகிப் போனது.

வெறும் மணலில் காயப்போட்டால் மண் ஒட்டி விலை போகாது என்று அடைக்கலமேரி ஓலைப் பாய் பின்னினாள். மத்தியானம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட வேண்டும். காக்கையை ஓட்ட ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அக்கா, ஒரு காரலைக் காக்கா தூக்குனா ஒங்க வீட்டுக் கணக்கு."

"நீ எனக்குக் கூலி என்னடி குடுக்கப்போற?"

"மொதலாளியாகிட்டு யோசிக்கிறேன். இப்ப ஓட்டுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த ஒரு மாதத்தில் அந்த வீட்டில் சிரித்தது அவள் மட்டும்தான்.

திருக்கை வலையில் விழாமல் இருக்குமா? விழுந்தது. தட்டுக் கணக்கில் அகலம். என் வீட்டுக்காரர் அறுத்துவிடப் போனபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் ஊற மேற்கே திருக்கைக் கருவாட்டைத் தேடித் தேடி வாங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மற்றக் கருவாட்டைவிட நாலு பங்கு நெல் கிடைக்கும். வீட்டுக்குப் பின்னால், அப்பாவின் கண் படாத இடத்தில் அதைக் காயவைத்தாள். அவர் கண்ணில் படவில்லை. ஆனால் படுத்தபடியே ஒருநாள் மூக்கை உறிஞ்சினார்.

"என்னடி திருக்கை வாடை?"

"ஒங்க கால்லேருந்து வருதுப்பா" என்றாள் அவள்.

அவர் அதை நம்பிவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் ஆறு சிப்பம் சேர்ந்தது. ஓலைப் பாயில் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டிய சிப்பம் ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். அதை விற்றால் ஒரு மாதச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் காணும் என்று மனக்கணக்காகவே சொல்லிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை கிளம்ப வேண்டும், பெரிய வெள்ளிக்குள் திரும்ப வேண்டும், பாஸ்கா கும்பிட்டுவிட்டு அப்பாவைக் கொண்டுபோக வேண்டும்.

பெரிய வாரத்தில் எங்கள் தெருவில் யாரும் யாவாரத்துக்குப் போக மாட்டார்கள். அதனால் பாதையில் தனக்குப் போட்டியே இருக்காது என்று அவளுக்கு ஒரு சந்தோஷம். சொர்ணம் எங்கள் கோயிலைச் சேர்ந்தவள் இல்லை. அவள் போவாளா என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நானும் கூடப் போனேன். சொர்ணம் வாசலில் உட்கார்ந்து பெட்டிக்கு மூடி பின்னிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க இந்த வாரம் மேற்க போகலையா?"

சொர்ணம் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பார்த்தாள். உப்பு வெடிப்பெல்லாம் தெரிந்தது.

"இல்ல புள்ள. நான் போகல."

மறுபடியும் ஓலையை எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். அவ்வளவுதான். வரும்போது அடைக்கலமேரி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"பாத்தீங்களா? அம்புட்டு ஊரும் எனக்குத்தான்."

*

இனிமேல் நடந்தது அவளே எனக்குப் பிற்பாடு சொன்னது. ஒரே நாளில் சொல்லவில்லை. அஞ்சாறு வருஷத்தில் துண்டு துண்டாகச் சொன்னாள்.

உப்பு ஏற்ற வந்த மூக்கனின் வண்டியில் சிப்பங்களை ஏற்றினார்கள். மூக்கனுக்கு ஆவுடையார்கோயிலுக்குப் பக்கம் ஒரு சின்ன ஊர். வாடகைக்கு அரைச் சிப்பம் காரல். கிளம்பும்போது சந்தனமேரி மகளின் நெற்றியில் சிலுவை போட்டு ஒரே ஒரு புத்தி சொன்னாள். மொதப் போணி ஆகாமல் சரக்கைத் திருப்பக் கூடாது, போணி ஆகாமல் திரும்பின சரக்கு பிறகு எந்த ஊரிலும் போகாது. எங்கள் தெருவில் எல்லாரும் நம்புகிற விஷயம்தான்.

வழியெல்லாம் மூக்கன் பேச்சுதான்.

"ஏன் தங்கச்சி, ஒனக்கு அண்ணன் தம்பி இல்லையா?"

"இருந்தா ஒங்க வண்டியில நான் ஏன்ணே உக்காந்திருக்கேன்?"

"பொட்டப்புள்ள யாவாரத்துக்கு வந்தா மாடு மெரளும்பாக."

"ஒங்க மாடு மெரண்டாத்தான் நடக்கும் போலருக்கு. நானும் அறந்தாங்கி வந்துரும் வந்துரும்னு பாக்குறேன்."

மூக்கன் சிரித்துச் சாட்டையால் நுகத்தடியைத் தட்டினான். கடல் மண் போய்க் கரம்பை வந்தது, கரம்பை போய்ச் செம்மண் வந்தது. அறுப்பு முடிந்த வயலெல்லாம் தாளடியாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நம்பிக்கை. வீட்டுக்கு வீடு குதிரில் நெல் இருக்கும். அறந்தாங்கியில் ஒரு சத்திரத்துப் பக்கம் வண்டியை நிறுத்தி, கொண்டுபோன பழையதைச் சாப்பிட்டாள். அங்கே ஒரு கடைக்காரர் சிப்பத்தைக் கையால் அமுக்கிப் பார்த்து, பாதி விலை சொன்னார்.

"பாதிக்குக் குடுக்கவா எங்காத்தா கையெல்லாம் வெடிச்சுக் கெடக்கு?" என்றாள்.

"திரும்பி வாரப்பவும் கேப்பேன், குடு" என்றார் அவர். அதில் கிண்டலும் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் செங்கரைப்பட்டி வந்தது. அரிமளத்துக்கு இந்தப் பக்கம் நாலு மைல். தை மாதம் அவளிடம் பிரியமாகப் பேசிய பிரகதாம்பாள் அந்த ஊர்தான். ஊர் எல்லையில் ஒரு புளியமரம். அதற்கும் எதிரே இருந்த பனைக்கும் நடுவே, பாதையின் குறுக்கே, வேப்பிலையும் மாவிலையும் கட்டின கயிறு தொங்கியது.

மூக்கன் மாட்டை இழுத்து நிறுத்தினான்.

"தங்கச்சி. காப்புக் கட்டியிருக்காக."

"என்ன காப்பு?"

"மாரியாத்தாளுக்குப் பங்குனிக் காப்பு. திருவிழா முடிய பதினஞ்சு நாளைக்கு ஊருக்குள்ள கவிச்சி ஆகாது. தாளிக்கக்கூட மாட்டாக. ஒனக்குத் தெரியாதா?"

"ஒங்களுக்குத் தெரியாதா?"

"எங்க ஊர்ல ஆடியிலதான் கட்டுவோம். நீ யாவாரி, தெரிஞ்சுதான் வாரேன்னு நெனச்சேன்."

எங்களுக்கு எல்லாம் ஒரே நாள். மணமேல்குடியில் சாம்பல் புதன் என்றால் எல்லா ஊர் மாதா கோயிலிலும் அன்றைக்குத்தான் சாம்பல் புதன். மாரியாத்தாளுக்கு ஊருக்கு ஒரு நாள் என்பது அடைக்கலமேரிக்குத் தோன்றவே இல்லை. கேட்கவும் இல்லை. இரண்டு தடவை சொர்ணத்தோடு வந்தபோது காப்பு இல்லாத மாதம்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் துணி உடுத்திய நாலைந்து பேர் வந்து நின்றார்கள். நடுவில் ஊர் அம்பலக்காரர். வயசான மனுஷர், மணிக்கட்டில் மஞ்சள் கட்டிய காப்பு.

"என்ன சரக்கு?"

மூக்கன்தான் சொன்னான். எல்லாரும் ஓர் அடி பின்னால் போனார்கள்.

"ஏம்ப்பா, பெரிய மனுசன் நீ. தெரிய வேணாமா? போன வருசத்துக்கு முந்துன வருசம் எட்டுப் புள்ளை அம்மையில போச்சு இந்த ஊர்ல. தெரியுமா ஒனக்கு? எட்டு."

"மன்னிச்சுக்குங்கய்யா. அரிமளம் பக்கமாச்சும் போயிக்கிறோம்."

"சுத்துப்பட்டு ஏழு ஊருக்கும் ஒரே ஆத்தா. ஏழு ஊர்லயும் கயிறு கெடக்கு. மாடு களைச்சிருக்கு, மரத்தடியில அவுத்துக் கட்டு. காலையில வந்த வழி போயிரு. சிப்பத்தைப் பிரிக்காத."

கெட்ட மனிதர்கள் இல்லை என்றுதான் அடைக்கலமேரி எப்போதும் சொல்வாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், மாட்டுக்கு வைக்கோல் போட்டார்கள்.

"என்னண்ணே செய்யிறது?"

"அறந்தாங்கிக்காரன்ட்ட பாதிக்குத் தள்ளிட்டுப் போ. ஆஸ்பத்திரிக்குப் போகவாச்சும் ஆகும். பெறகு அங்கிட்டு யாரு கையக் கால பிடிச்சாச்சும் பாத்துக்கலாம்."

அவளும் சரி என்றுதான் முடிவு செய்தாள். பாதி என்றாலும் அப்பாவைப் புதுக்கோட்டையில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

பொழுது சாயும் நேரம் பிரகதாம்பாள் தண்ணீர்க் குடத்தோடு புளியமரத்துப் பக்கம் வந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிப்பங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திருக்கை வச்சிருக்கியா புள்ள?"

"இருக்கு. ஆனா ஒங்க ஊருக்கு ஆகாதாமே."

"எம் மக புள்ள பெத்து ஒம்பது நாளாச்சு. சொட்டுப் பால் இல்ல. சீனித் தண்ணியத் துணியில நனச்சு வாயில வைக்கிறேன். அழுறதுக்குக்கூட அதுக்குச் சத்து இல்ல."

"காப்புக் கட்டியிருக்காகளே அக்கா."

"நான் தின்னலையே. புள்ள பெத்தவ, தீட்டுக்காரி, அவளுக்கு என்ன காப்பு?" சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. இடுப்பு மடியிலிருந்து நெல்லைக் காட்டினாள். ஒரு மரக்கால் இருக்கும். "விடியுமுன்ன ஆக்கிக் குடுத்துருவேன். யாருக்குத் தெரியப்போகுது?"

மூக்கன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தான். இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பான். அடைக்கலமேரிக்கு அந்தக் குழந்தை மேல் இரக்கம் வந்தது என்று சொன்னால் அது பாதிதான் நிஜம். அவளே சொன்னாள். "போணிதான்க்கா. ஆறு சிப்பத்துல ஒரு துண்டு போகாமத் திரும்புனா அறந்தாங்கியிலயும் போகாதுன்னு பயம். ஆத்தா சொன்னதே காதுல கேட்டுச்சு." சிப்பத்தின் ஓரத்தை நெகிழ்த்தித் திருக்கைத் துண்டு ஒன்றை உருவினாள். நெல்லை முந்தானையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கருவாடு வேகிற வாடையை ஒளித்துவைக்க முடியுமா? அதுவும் திருக்கை. அதுவும் பத்து நாளாகத் தாளிப்பு வாடைகூட இல்லாத ஊரில். விடிகிற நேரத்தில் ஊருக்குள் ஒரு பெண் கத்தினாள். அப்புறம் ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது.

அவர்கள் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. முன்னால் பிரகதாம்பாள், கையில் மண்சட்டியோடு. அவளை யாரும் அடித்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் தலை அவிழ்ந்து கிடந்தது. பின்னால் ஆம்பிளையும் பொம்பளையுமாக ஊரே வந்தது. கூட்டத்தில் ஒரு பொம்பளை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். எட்டுப் பிள்ளைகளில் இரண்டு அவளுடையதாம்.

"என் ஒத்தப்புள்ள மிச்சமிருக்கு. அதுக்கும் ஆத்தா முத்துப் போட்டா நீ வந்து பொழைக்க வைப்பியாடி?" என்று அடைக்கலமேரியைப் பார்த்துக் கேட்டாள்.

"அவுகளுக்குப் பால் இல்லன்னு..."

"வாயத் தொறக்காத!"

மூக்கன் கும்பிட்டான். "அய்யா, சின்னப்புள்ள. கடக்கரைப் புள்ள. நம்ம மொறை தெரியாது. இப்பவே பூட்டிட்டுக் கெளம்பிர்றோம்."

அம்பலக்காரர் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போன்னு விட்டா நாளைக்கு எந்தப் புள்ளைக்கு மேலு சுட்டாலும் ஊரு என்னையக் கேக்கும். காப்பைக் கெடுத்த சரக்கு மண்ணுக்குத்தான் போகணும். ஒரு முள்ளு வெளிய தெரியக் கூடாது."

"அய்யா, எங்கப்பா கால் அழுகிக் கெடக்குய்யா. இத வச்சுத்தான் ஆஸ்பத்திரிக்கு..."

"அது தெரிஞ்ச நீ திருக்கையத் திங்கக் குடுக்குமுன்ன நெனச்சிருக்கணும்த்தா."

மண்வெட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். காப்புக் கட்டின கை அந்தச் சரக்கைத் தொடாது. அதனால் அவளும் மூக்கனும்தான் வெட்டினார்கள். செம்மண் பாறையாக இருந்தது. பாதிக் குழியில் அவள் கை உப்பு வெடிப்பிலிருந்து ரத்தம் வந்து காம்பு வழுக்கியது. ஆறு சிப்பத்தையும் பிரித்துத்தான் போடச் சொன்னார்கள். கட்டோடு புதைத்தால் யாராவது தோண்டி எடுப்பார்கள் என்று. காரல், சாளை, நெத்திலி எல்லாம் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு விழுந்தது. ஓர் அடுக்குப் போட்டதும் அவளை அறியாமல் கை ஒரு பிடி மண்ணை எடுத்து மேலே தூவியதாம். உப்புத் தாழியில் அடுக்கின கை. அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவள் என்னிடம் அழுதாள்.

பிரகதாம்பாள் நெல்லைத் திருப்பிக் கேட்கவில்லை. அவள் பேரக்குழந்தை என்ன ஆயிற்று என்று இவளும் கடைசிவரை யாரையும் கேட்கவில்லை.

*

பெரிய வெள்ளி மத்தியானம் எங்கள் தெருவில் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு போனார்கள். அந்த நேரம் மூக்கனின் வண்டி வந்து நின்றது. சந்தனமேரி ஓடினாள். நானும் ஓடினேன். வண்டியில் சுருட்டிக் கட்டிய வெறும் ஓலைப் பாய்கள்.

"அம்புட்டும் போயிருச்சா?" என்றாள் சந்தனமேரி. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னாலும் பிறகும் நான் பார்த்ததில்லை. உள்ளே பார்த்துக் கத்தினாள். "கேட்டியளா, அம்புட்டும் வித்துப்போச்சாம்!"

"தெரியும் எனக்கு" என்று சூசைராஜ் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "யாரு மக?"

அடைக்கலமேரி வண்டியை விட்டு இறங்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தாயின் முந்தானையில் ஒரு மரக்கால் நெல்லைக் கொட்டினாள். மூக்கன்தான் பாக்கியைச் சொன்னான். அரைச் சிப்ப வாடகையைப் பற்றி அவன் பேசவே இல்லை.

சந்தனமேரி அந்த நெல்லைக் குத்திக் கஞ்சி வைத்தாள். என்ன செய்வாள், வீட்டில் வேறு இல்லை. சூசைராஜ் அதைக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, வலையை யாருக்காவது விற்றுவிடச் சொன்னார். சத்தம் போடவில்லை, மகளைத் திட்டவில்லை. என் வீட்டுக்காரர் கடன் சொல்லி வாங்கப் பார்த்தார். முடியவில்லை. கோட்டைப்பட்டினத்து ஆள் ஒருவர் வந்து விலை பேசி எடுத்துக்கொண்டு போனார். அதற்குள் பாஸ்கா கழிந்து ஒன்பது நாள். புதுக்கோட்டையில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். உயிர் தங்கியது.

அடைக்கலமேரி சொர்ணத்தின் வீட்டு வாசலில் போய் நின்றதையும் சொல்ல வேண்டும்.

"காப்புக் கட்டியிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"நீ போகலையான்னு கேட்ட. போகலைன்னேன். ஏன்னு கேட்டியா?" சொர்ணம் முதன்முதலாக நாலு வார்த்தைக்கு மேல் பேசினாள். "எனக்கு எந்த மகராசி சொன்னா? மூணு தடவ முழு லோடோட திரும்பி வந்தேன். ஒரு தடவ என் வயித்துல நாலு மாசம். எனக்குப் பாதி ஊரு, ஒனக்குப் பாதி ஊருன்னு பங்கு போட்டுக்குவோம்னு நெனச்சியாடி?"

அடைக்கலமேரி திரும்பி வந்துவிட்டாள்.

அவள் யாவாரத்தை விடவில்லை. எப்படி விடுவாள்? ஒற்றைக் கூடையில் இருந்து மறுபடி ஆரம்பித்தாள். எந்த ஊரில் எந்த மாதம் காப்பு, எந்த ஊரில் புரட்டாசிச் சனி, எந்தச் செட்டிமார் வீட்டில் எந்தக் கிழமை கவிச்சி ஆகாது, எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. வண்டிக்காரர்களை நிறுத்திக் கேட்பாள். நார்த்தாமலைப் பக்கத்து ஆள் வந்தால்கூட விட மாட்டாள். சொர்ணம் படுத்த படுக்கையானபோது அந்த ஊர்களும் இவளுக்கே வந்தன. மேற்கே போனால் நெல் மூட்டையோடுதான் திரும்புவாள். கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. சூசைராஜ் கடற்கரையில் ஒரு பனங்கட்டையில் உட்கார்ந்து காக்கை ஓட்டுவார். கையில் ஒரு தகர டப்பா, உள்ளே நாலு கல்.

அறுபத்திரண்டில், பங்குனி மாதம். நானும் அவளும் சிப்பம் கட்டிக்கொண்டிருந்தோம். மேலத்தெரு முத்துமாரியம்மாள் வந்தாள். பதினாறு வயசு. அவள் அப்பா கடலில் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. இரண்டு கையிலும் உப்பு வெடிப்பு.

"அக்கா, அரிமளம் பக்கம் நாளைக்குப் போகலாம்னு இருக்கேன். நீங்க இந்த வாரம் போகலையா?"

அடைக்கலமேரி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். பல்லால் கடித்து இறுக்கினாள்.

"இல்ல புள்ள" என்றாள். "நான் போகல."

அந்தப் பெண் சந்தோஷமாகப் போனாள். சூசைராஜ் டப்பாவை ஆட்டுவதை நிறுத்தி மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் முத்துமாரியம்மாள் போய்க்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் பிடித்த மீனும் அடைக்கலமேரியின் சிப்பத்தில்தான் இருந்தது.

காக்கை ஒன்று காரலைத் தூக்கிக்கொண்டு போனது. சூசைராஜ் மறுபடி டப்பாவை ஆட்ட ஆரம்பித்தார்.